நீசூன் சோறும் ஐந்து கடிதங்களும்

எங்கள் வீட்டில் சோறு குழைந்துபோனால், அடிப்பிடித்தால், கல் கடித்தால் "இன்னிக்கு நீசூன் சோறு" என்பார்கள். ஆயா சொல்லும், அம்மா சொல்வாள், நானும் சொல்லியிருக்கிறேன். குடியாத்தம் பக்கத்துப் பேச்சு என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். கல்லூரி விடுதியில் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்து அப்படிச் சொன்னபோது, குடியாத்தத்துப் பையன் ஒருவனே "அது என்னடா நீசூன்?" என்று கேட்டான். அப்போதும் உறைக்கவில்லை.

2012இல் சிங்கப்பூரில், யீஷூனில் வாடகை வீடு கிடைத்துக் குடிவந்தோம். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, மின்தூக்கியில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர்த் தொட்டி கழுவப்போகிறார்கள் என்று நான்கு மொழியிலும் போட்டிருந்தது. அடியில் தமிழில்: செம்பவாங் - நீ சூன் நகர மன்றம். நான் இறங்கவேண்டிய மாடி வந்து, கதவு திறந்து, மறுபடி மூடிக்கொண்டது.

நீ சூன் என்பது ஓர் ஆளின் பெயர். ரப்பரிலும் அன்னாசியிலும் பெரும்பணம் பார்த்த லிம் நீ சூன். அவர் பேரில் வழங்கிய ஊரை மாண்டரின் உச்சரிப்பில் எழுதியபோது அது யீஷூன் ஆயிற்று. ராணுவ முகாமின் பெயரில் மட்டும் பழைய உச்சரிப்பு தங்கிவிட்டது; நகர மன்றமும் அதையே வைத்துக்கொண்டிருக்கிறது. 1942இல் ஜப்பானியர்களிடம் சிக்கிய இந்தியச் சிப்பாய்களை அடைத்துவைத்த முகாம்களில் நீ சூனும் ஒன்று. எங்கள் பெரிய தாத்தா சோறு தின்ற இடம்.

பெரிய தாத்தா என்றால் என் தாத்தாவின் அண்ணன். 1940இல் பெங்களூருக்குப் போய் மதராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தவர். எங்கள் ஜில்லாவில் இது அதிசயமில்லை. வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். வீட்டுக்கு ஓர் ஆள் பட்டாளத்தில் இருப்பான். சாப்பர் வேலை என்பது பாலம் கட்டுவது, சாலை போடுவது, தேவைப்பட்டால் இரண்டையும் உடைப்பது. மலாயாவில் பெரிய தாத்தா கட்டியது குறைவு, உடைத்ததே அதிகம். 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பான் படை கோத்தா பாருவில் இறங்கியது. அன்று முதல் பிரிட்டிஷ் படை தெற்கே தெற்கே என்று பின்வாங்கியது. தாண்டி வந்த பாலங்களைத் தகர்த்துவிட்டு வருவது சாப்பர்களின் பாடு. ஜனவரி 31 அன்று ஜோகூர்ப் பாலமும் தகர்ந்தது. பிப்ரவரி 15 அன்று புக்கிட் தீமாவில் இருக்கும் ஃபோர்டு தொழிற்சாலையில் சரணடையும் பத்திரத்தில் கையெழுத்தாயிற்று. இரண்டு நாள் கழித்து இந்தியச் சிப்பாய்களை மட்டும் தனியாகப் பிரித்து ஃபேரர் பார்க் திடலில் உட்காரவைத்து ஜப்பானியர்களிடம் ஒப்படைத்தார்கள். தேக்கா சந்தையிலிருந்து நடந்துபோகும் தூரம். நான் பார்த்தபோது அங்கே பிள்ளைகள் பந்தாடிக்கொண்டிருந்தார்கள்.

அவர் 1989இல் போய்ச் சேர்ந்தபோது எனக்குப் பத்து வயது. சிங்கப்பூரைப் பற்றி அவர் வாயால் நான் கேட்டது இரண்டே இரண்டு. ஒன்று, அங்கே மழைக்கு நேரம் காலம் கிடையாது. இரண்டு, அந்தச் சோறு. நேதாஜி படையில் சேர்ந்தீர்களா என்று யாராவது கேட்டால், "அல்லாரும் எங்கியாவது ஒண்ணுல சேந்துதான் இருந்தோம்" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தவிடு கலக்கப் போய்விடுவார்.

2016இல் என் தாத்தாவும் போனார். கருமாதிக்கு ஊருக்குப் போயிருந்தபோது, பெரிய தாத்தாவின் டிரங்குப் பெட்டியை அப்பா என்னிடம் தள்ளினார். கறுப்பு வர்ணம் பூசிய தகரப்பெட்டி. மூடியில் வெள்ளையில் பட்டாள நம்பர். "நீதான அந்த ஊர்ல இருக்கிற, நீயே வெச்சுக்க." பெட்டியைத் தூக்கிவர முடியுமா? உள்ளே இருந்த சின்னத் துணிமூட்டையை மட்டும் கொண்டுவந்தேன். அதில் ஐந்து தபால் உறைகளும் நான்காக மடித்த ஒரு துண்டுச் சீட்டும் இருந்தன.

ஐந்தும் ஊரிலிருந்து அவருக்குப் போனவை. பேர், நம்பர், கம்பெனி, கடைசியில் மலாயா. எல்லாம் ஆங்கிலத்தில், நோட்டுப் புத்தகத்தில் எழுதுவதுபோலத் தனித்தனி எழுத்தாக. அதன்மேல் ரப்பர் முத்திரை: தபால் சேவை நிறுத்தப்பட்டது, அனுப்பியவருக்கே திருப்பவும். கார்த்திகை முதல் தை வரை போட்ட கடிதங்கள், 1942 ஆடி மாதம் ஒரே கட்டாகத் திரும்பி வந்தன என்று தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். மூன்று உறைகளில் ஓரத்தைக் கத்தரித்து, தணிக்கைக்காரர் பிரித்துப் பார்த்ததற்கான காகிதப் பட்டியை ஒட்டியிருந்தார்கள். மற்ற இரண்டும் போட்ட கோந்து போட்டபடி இருந்தன.

இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. சண்டைக்குப் போனவன் வீட்டுக்கு எழுதிய கடிதம் மிஞ்சும். வீட்டில் பரண் இருக்கிறது, பெட்டி இருக்கிறது, எடுத்துவைக்க ஒரு தாய் இருக்கிறாள். வீட்டிலிருந்து அவனுக்குப் போன கடிதம் மிஞ்சுவதில்லை. அவன் அதைச் சட்டைப்பையில் வைத்திருப்பான், மழையில் நனையும், ஆற்றில் போகும், பிடிபடுவதற்கு முன் எரிப்பான். கார்த்திகைக்கு முன்பும் எங்கள் வீட்டிலிருந்து கடிதங்கள் போயின. அவர் கைக்குக் கிடைத்த அவற்றில் ஒன்றுகூட இல்லை. கிடைக்காத ஐந்துதான் இருக்கின்றன.

எழுதியது யார் என்பது இன்னொரு கதை. கொள்ளுப்பாட்டிக்கு எழுத்து தெரியாது. ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் சாயந்திரம் திண்ணையில் வந்து உட்காருவார். அவள் வாசற்படிக்கு உள்ளே நின்று சொல்வாள். திண்ணையில் இன்னும் நாலு பேர் இருப்பார்கள். பட்டாளத்துக்காரன் வீட்டுக் கடிதம் என்றால் ஊருக்கே பங்கு உண்டு. என் தாத்தாவுக்கு அப்போது பத்து வயது. லாந்தரைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவர் வேலை. அம்மா சொல்வதும் காகிதத்தில் விழுவதும் ஒன்றல்ல என்பதை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான்.

"ராவெல்லாம் தூக்கமே வரல, கண்ணு மூடினா அவன் மூஞ்சிதான் தெரியுதுன்னு எழுதுங்க வாத்தியாரே."

வாத்தியார் எழுதுவார். எழுதியதை உரக்கப் படித்துக் காட்டுவார்: "இவ்விடம் யாவரும் க்ஷேமம். அவ்விடம் உன் க்ஷேமத்துக்கு அடிக்கடி கடிதம் எழுதவும்."

"நான் சொன்னது அது இல்லியே?"

"பட்டாளத்துல இருக்கிற பிள்ளைக்கு அதெல்லாம் எழுதக் கூடாதும்மா. மனசு விட்டுடுவான்."

வெள்ளைக்காரத் தணிக்கை அதிகாரியும் இதையேதான் கவலைப்பட்டார். முதல் உலகப் போரில் இந்தியப் படை பிரான்சுக்குப் போனபோது, சிப்பாய்களின் கடிதங்களைப் படிப்பதற்கென்றே பூலோன் நகரத்தில் ஒரு அலுவலகம் வைத்தார்கள். போவதையும் படித்தார்கள், வருவதையும் படித்தார்கள். அவற்றிலிருந்து பொறுக்கி ஆங்கிலத்தில் பெயர்த்து அறிக்கை தயாரித்தார்கள். மூலக் கடிதங்கள் பெரும்பாலும் போய்விட்டன. அந்தப் பெயர்ப்புகள் இன்றைக்கும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அடுத்தவன் கடிதத்தைத் திருட்டுத்தனமாகப் படித்தவன் தயவில்தான் அந்தப் பஞ்சாபிச் சிப்பாய்கள் பேசுவது நமக்குக் கேட்கிறது. அந்தச் சிப்பாய்களும் சும்மா இல்லை. கறுப்பு மிளகு தீர்ந்துபோய்விட்டது, இப்போது சிவப்பு மிளகைத்தான் போடுகிறார்கள் என்று ஊருக்கு எழுதினார்கள். கறுப்பு மிளகு என்றால் இந்தியச் சிப்பாய், சிவப்பு மிளகு என்றால் வெள்ளைக்காரச் சிப்பாய். தணிக்கைக்காரர்கள் அதையும் கண்டுபிடித்துக் குறித்துவைத்தார்கள். இரண்டாம் போரிலும் இதே வேலை நடந்தது. ஊரில் அரிசி விலை ஏறியதை வீட்டார் எழுதிவிடுகிறார்கள், அதைப் படித்துச் சிப்பாய் கலங்குகிறான் என்று அறிக்கைகள் மேலே போயின.

அங்கே அலுவலகம் போட்டுச் செய்ததை எங்கள் ஊரில் ஒற்றை ஆள் திண்ணையில் உட்கார்ந்து செய்திருக்கிறார், சம்பளம் இல்லாமல். மார்கழியில் பினாங்கு விழுந்தது. பத்திரிகை ஒரு நாள் பிந்தி ஊருக்கு வரும். வாத்தியார் அதைப் படித்திருப்பார். கடிதத்தில் ஒரு சொல் கிடையாது. அவள் காதிலும் போட்டிருக்கமாட்டார்.

அந்தக் கடிதம் அங்கே போய்ச் சேர்ந்தாலும் பெரிய தாத்தா தானாகப் படிக்க முடியாது. பட்டாளத்தில் ரோமன் உருது சொல்லிக்கொடுத்தார்கள்: உருது பேச்சு, ஆங்கில எழுத்து. அதைத் தடவித் தடவிப் படிப்பாராம். தமிழ் எழுத்து வராது. அவருக்குக் கடிதம் படித்துக் காட்டியது அதே கம்பெனியில் இருந்த ஓர் ஆம்பூர்க்காரர். வீட்டில் எல்லோருக்கும் அவர் 'ஆம்பூரான்'தான். பெயர் யாருக்கும் தெரியாது. ஆகத் தாய்க்கும் மகனுக்கும் நடுவில் வாத்தியார், திண்ணைக் கூட்டம், தணிக்கைக்காரர், ஆம்பூரான், ஆம்பூரானைச் சுற்றி உட்கார்ந்து கேட்கிற மற்ற தம்பிகள். இத்தனை பேர் காதில் விழும்படி ஒரு தாய் என்னதான் சொல்வாள்?

மாட்டைப் பற்றிச் சொல்லலாம்.

பிரிந்திருந்த மூன்று கடிதங்களையும் நான் ஒரு வாரத்தில் படித்து முடித்தேன். வாத்தியாரின் கையெழுத்து முத்து. ஒரே ஒரு தொல்லை, 'லை' எழுதும்போது மட்டும் அவருக்கு உற்சாகம் வந்துவிடும். பழைய எழுத்து அல்லவா, லகரத்துக்கு முன்னால் யானைத் துதிக்கை மாதிரி ஒரு சுழி. அதை மேல்வரியில் போய் இடிக்கும்வரை நீட்டுவார். மேலே சிவமயம், விஷு வருஷம், கார்த்திகை மாதம், பக்கத்தில் இங்கிலீஷ் தேதி. க்ஷேமம், க்ஷேமம். நிற்க. மணியார்டர் வந்தது. ஏரி பாதிதான் நிரம்பியிருக்கிறது. மல்லாக்கொட்டை பிடுங்கியாயிற்று. மாமன் வீட்டில் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். நிற்க. பிறகு எந்தக் கடிதமானாலும் செவலை.

செவலை, பெரிய தாத்தா கன்றிலிருந்து வளர்த்த காளை. கிணற்றில் தண்ணீர் இறைக்கக் கவலை ஓட்டும்போது அவர் பாட்டு நின்றால் அதுவும் நின்றுவிடுமாம். முதல் கடிதத்தில் செவலை சரியாகத் தீனி எடுக்கவில்லை. தவிடு வைத்தால் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. இரண்டாவதில், பகலெல்லாம் தெருப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறது; பஸ் சத்தம் கேட்டால் கயிற்றை இழுக்கிறது. மூன்றாவதில் அதற்குக் கண்ணில் நீர் வடிகிறது, மாட்டு வைத்தியன் பார்த்து ஒன்றுமில்லை என்றான், ராத்திரியில் படுப்பதே இல்லை.

படித்துவிட்டு மனைவியிடம் சொன்னேன்: "மாட்டுக்கு இருக்கிற பாசத்தைப் பாரு." சொல்லி வாயை மூடுவதற்குள் தாத்தா எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. கிணறு வெட்டின கடனுக்குச் செவலையை விற்றுவிட்டார்கள். விஷு வருஷம் ஐப்பசியில். தீபாவளி கழிந்த வாரம். முதல் கடிதத்துக்கு ஒரு மாதம் முன்பு.

ஊருக்குப் போன் போட்டு அப்பாவிடம் கேட்டேன். "ஆமாண்டா, சித்தூர்க்காரன் ஓட்டிக்கினு போனான். தாத்தா அழுதுகினே ஏரிக்கரை வரைக்கும் பின்னாடியே போச்சாம்." மாதத்தில் குழப்பமில்லை. தீபாவளிப் புதுச்சட்டையோடு ஓடினதாகத்தான் தாத்தா எப்போதும் சொல்வார்.

அப்படியானால் தீனி எடுக்காமல், ராத்திரி படுக்காமல், தெருவைப் பார்த்து நின்றது யார்? எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. மனைவிக்கு வந்தது. "வித்துட்டோம்னு எழுதினா பிள்ளை வருத்தப்படும்னு மறைச்சிருப்பாங்க. நீங்க கவிதை பண்ணாதீங்க" என்றாள். அவளும் விவசாயக் குடும்பத்துப் பெண்தான், மாடு விற்ற வீடு எப்படி இருக்கும் என்று என்னைவிட அவளுக்குத் தெரியும். மறைப்பதற்கானால் 'செவலை சௌக்கியம்' என்று ஒரு வரி போதுமே என்றேன். பதில் சொல்லாமல் துணி காயப்போடப் போனாள்.

பெரிய தாத்தா 1946இல் ஊர் திரும்பினார். கொள்ளுப்பாட்டி அதற்கு இரண்டு வருஷம் முன்பே போய்விட்டாள். அது அவருக்குக் குடியாத்தம் ஸ்டேஷனில் இறங்கியபோதுதான் தெரியும், அதுவும் ஜட்கா வண்டிக்காரன் சொல்லி. வீட்டுக்கு வந்தவர் நேராகக் கொட்டகைக்குப் போயிருக்கிறார். "செவலை எங்கடா?" என்று என் தாத்தாவைக் கேட்டிருக்கிறார். விற்றுவிட்டோம் என்று இவர் சொல்ல, எப்போது என்று அவர் கேட்க, இவர் வருஷம் மாதம் சொல்ல, "நல்ல வெலைக்குப் போச்சா?" என்றாராம். அவ்வளவுதான்.

திரும்பி வந்த ஐந்து கடிதங்களையும் அன்று சாயந்திரமே அவர் கையில் கொடுத்தார்கள். படித்துக் காட்டட்டுமா என்று என் தாத்தா கேட்டார். அப்போது அவர் எட்டாம் வகுப்பு. தமிழ் வாசிப்பில் கெட்டிக்காரர். பெரிய தாத்தா வேண்டாம் என்றார். "படிக்கிறவன் போயிட்டான்."

ஆம்பூரானைத்தான் சொன்னார். ஜப்பானியர்கள் இந்தியக் கைதிகளில் பலரைக் கப்பலேற்றி நியூ கினி, நியூ பிரிட்டன் தீவுகளுக்கு மூட்டை தூக்கவும் விமானத்தளம் போடவும் அனுப்பினார்கள். பசியிலும் காய்ச்சலிலும் குண்டுவீச்சிலும் ஏராளமானவர்கள் அங்கேயே முடிந்தார்கள். ஆம்பூரான் அந்தக் கப்பலில் போனவர்.

கிராஞ்சி போர் நினைவகத்துக்கு நான் நாலைந்து முறை போயிருக்கிறேன். எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடக்கலாம், வெயில் மட்டும் பொல்லாதது. மேட்டின்மேல் தூண் தூணாக நிற்கும் சுவர்களில், கல்லறை இல்லாமல் போனவர்களின் பெயர்கள் 24,000க்கு மேல். சாப்பர்கள் பகுதியில் தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருக்கின்றன: முனுசாமிகள், கோவிந்தசாமிகள், அந்தோணிகள், அப்துல்கள். இதில் ஒருவர் ஆம்பூரானாக இருக்கலாம். பக்கத்திலேயே, தகனம் செய்யப்பட்டவர்களுக்குத் தனியாக ஒரு நினைவுச் சின்னம் உண்டு. அதில் பெரும்பாலும் இந்தியப் பெயர்கள். எந்தப் பெயருக்கு முன்னால் நிற்பது என்று தெரியாமல், நான் ஒவ்வொரு முறையும் முனுசாமிகள் பக்கம் சற்று நேரம் நின்றுவிட்டு வருவேன்.

பிரிக்காத இரண்டு கடிதங்களும் ஒரு வருஷத்துக்கு மேல் எங்கள் அலமாரியில் கடவுச்சீட்டுகளோடு கிடந்தன. "அவருக்கு வந்த லெட்டரை நீங்க எப்படிப் பிரிப்பீங்க?" என்று மனைவி கேட்டது நியாயமாகத்தான் பட்டது. வேண்டாம் என்று சொன்னவரின் கடிதம். ஆனால் கோந்து காய்ந்து, மடிப்பில் காகிதம் இற்றுக்கொண்டு வந்தது. இன்னும் பத்து வருஷம் விட்டால் படிக்கவும் முடியாது, பிரிக்கவும் முடியாது. 2017 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரிய தாத்தா சொன்ன அந்த நேரங்கெட்ட மழை பெய்துகொண்டிருந்தது. தண்ணீர் கொதிக்கவைத்து, ஆவியில் காட்டி, சமையலறைக் கத்தியால் மெல்ல நெம்பினேன்.

நான்காவதில் விசேஷம் ஒன்றுமில்லை. வழக்கமான க்ஷேமத்துக்குப் பிறகு, பட்டணத்தில் விலையெல்லாம் ஏறுகிறது, மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. செவலை அப்படியேதான் இருக்கிறது.

ஐந்தாவதில் தேதி 3-2-42. மலாயா முழுவதும் போய், பெரிய தாத்தா இந்தத் தீவுக்குள் அடைபட்டுக் கிடந்த வாரம். வாத்தியாருக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்பதை எழுத்திலிருந்து கண்டுபிடிக்க முடியாது; கோடு போட்ட மாதிரி அதே முத்து. பொங்கல் நல்லபடியாக நடந்தது என்கிறது கடிதம். மாட்டுப் பொங்கலுக்குச் செவலைக்குக் கொம்பில் சிவப்பு வர்ணம் பூசி, கழுத்தில் புது மணி கட்டியிருக்கிறார்கள். என் தாத்தா சொல்லும் மாட்டுப் பொங்கல் வேறு. அந்த வருஷம் கொட்டகையில் மாடே இல்லாமல், அவர் அம்மா வெறும் முளைக்குச்சிக்கு மஞ்சள் தடவினாள். இவர் சிரித்துவிட்டு அடி வாங்கினார்.

கடைசிப் பத்தி இரண்டே வரி. "செவலை இப்ப நல்லா தீனி எடுக்குது. அதப் பத்தி நீ ஒண்ணும் வெசனப்படாதே." ஐந்து கடிதத்திலும் வாத்தியாரின் தமிழ் இல்லாத இடம் இது ஒன்றுதான்.

மூட்டையில் இருந்த துண்டுச் சீட்டை அதற்குப் பிறகுதான் பிரித்தேன். மாடு விற்ற சீட்டு. விஷு வருஷம், ஐப்பசி மாதம், வாங்கினவன் பெயர், சித்தூர். விற்றவர் இடத்தில் என் கொள்ளுத்தாத்தாவின் கைநாட்டு. 'செவலைக் காளை ஒன்று' என்று எழுதியிருந்த வரியில், லகரத்துச் சுழி மேல்வரியைப் போய் இடித்துக்கொண்டிருந்தது.